பேர் போன கதை

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிளம்பி, இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரில் இடது பக்கம் திரும்பி ஒரகடம் வரைக்கும் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தால் ஒரு விளையாட்டு விளையாடலாம். வழியில் வருகிற கம்பெனி போர்டுகளைப் படித்துக்கொண்டே, இந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று யோசிக்க வேண்டும்.

ஹூண்டாய் என்றால் கொரிய மொழியில் 'நவீனம்'. செயின்ட் கோபைன் என்பது பிரான்ஸில் ஒரு கிராமம். 1665-ல் பதினான்காம் லூயி காலத்தில் கண்ணாடி செய்ய ஆரம்பித்த கம்பெனி, பிற்பாடு அந்தக் கிராமத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. டெய்ம்லர், ரெனோ இரண்டும் மனிதர்களின் பெயர்கள். அப்போலோ டயர்ஸ் கிரேக்கக் கடவுள். ராயல் என்ஃபீல்டில் இருக்கிற என்ஃபீல்ட், லண்டன் பக்கத்தில் ஓர் ஊர். ராமானுஜர் அவதரித்த ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் ஒரு கிரேக்கக் கடவுள், ஒரு பிரெஞ்சுக் கிராமம், ஓர் ஆங்கிலேய ஊர்!

இந்த விளையாட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு பெயரும் உண்டு. நோக்கியா.

அதுவும் ஊர் பெயர்தான். ஃபின்லாந்தில் 1865-ல் காகிதக்கூழ் மில்லாக ஆரம்பித்த கம்பெனி, இரண்டாவது மில் போட்ட ஊரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று என்னென்னவோ செய்து கடைசியில் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை. நல்ல காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். நிறையப் பேர் இளம் பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவர்கள். அவர்கள் கைபட்டு வெளியே போன போன்கள் கோடிக்கணக்கில்.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. காப்புரிமை லைசென்ஸோடு சேர்த்து 544 கோடி யூரோ. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் வருமான வரித் தகராறில் சிக்கி, அந்த விற்பனையில் சேர முடியாமல் நின்றுபோனது. 2014-ல் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். 'விருப்ப' என்ற சொல்லுக்கு நம் நிர்வாக மொழியில் தனி அகராதி உண்டு. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி நின்றது.

தொழிற்சாலை மூடின கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் என்ன ஆயிற்று என்று யோசித்திருக்கிறீர்களா?

544 கோடி யூரோ கொடுத்தும் மைக்ரோசாஃப்டுக்கு 'நோக்கியா' என்ற பெயர் சொந்தமாகவில்லை. சாதாரண போன்களுக்கு 10 வருஷ லைசென்ஸ், ஸ்மார்ட்போனுக்கு இன்னும் குறுகிய காலம், அவ்வளவுதான். அதாவது வீட்டை விற்றவர் வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார். 2016-ல் மைக்ரோசாஃப்ட் ஒதுங்கிக்கொண்டது. ஃபின்லாந்தில் எச்எம்டி குளோபல் என்று ஒரு புதுக் கம்பெனி முளைத்து, அதே பெயருக்கு நோக்கியாவிடம் லைசென்ஸ் வாங்கியது. போனைத் தயாரித்துக் கொடுத்தது ஃபாக்ஸ்கான் குழுமம். 2017-ல் பழைய 3310 புது உடம்போடு மறுபிறவி எடுத்தபோது 'அட, நோக்கியா வந்துடுச்சு!' என்று நாமும் சந்தோஷப்பட்டோம். அந்தப் போனை நோக்கியா செய்யவில்லை. பேர் மட்டும்தான் நோக்கியா.

கட்டடம் போனது. கோடிக்கணக்கான போன்களைச் செய்த கைகள் வேறு வேலை தேடிப் போயின. பேர் மட்டும் பத்திரமாக இருந்தது. ஏனென்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், கையில் பத்திரமும் வைத்திருந்தார்.

செய்கிறவனுக்குக் கூலி. பேருக்குச் சொந்தக்காரனுக்கு லாபம். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் ஒரகடம் சாலை சொல்லித் தருகிற முதல் பாடம் இதுதான்.

இதே பாடத்தை ஜெர்மன்காரர்களும் காசு செலவழித்துக் கற்றார்கள். 1998-ல் ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார் தொழிற்சாலையை வாங்கியது. கட்டடம், மிஷின், தொழிலாளி எல்லாம் வந்தது. முன்பக்கம் பறக்கிற மாதிரி நிற்கிற அந்த வெள்ளிப் பெண் பொம்மைகூட வந்தது. 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் வரவில்லை. அது விமான இன்ஜின் செய்கிற இன்னொரு கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை பி.எம்.டபிள்யூவுக்கு 4 கோடி பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 43 கோடி கொடுத்தவர் இன்று அந்தத் தொழிற்சாலையில் பென்ட்லி செய்கிறார். 4 கோடி கொடுத்தவர் ரோல்ஸ் ராய்ஸ் செய்கிறார்.

பேர் பறிபோகிற கதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? பேர் நம்மிடம் வந்து சேர்ந்த கதை ஒன்று, அதே ஒரகடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஊசி செய்வதற்குப் பேர் போன ஊர். அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு 1890-களில், என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. நம் பாஷையில் சொன்னால் ஜாப் ஒர்க். அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'என்ஃபீல்ட்' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் முன்னால் 'ராயல்' சேர்ந்தது. 1901-ல் மோட்டார் சைக்கிள். 1930-களில் புல்லட்.

1955-ல் அவர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா' ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் புல்லட் தயாராயிற்று. ராணுவமும் போலீஸும் வாங்கின. இங்கிலாந்தில் நிலைமை வேறு. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்ததும் 1970-ல் முடிந்தது. பெற்றவள் போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் டப்டப் என்று ஓடிக்கொண்டிருந்தது. 1977-லிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது!

ஆனால் டேங்கில் 'என்ஃபீல்ட்' என்றுதான் இருந்தது. 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1999 வாக்கில் 'ராயல் என்ஃபீல்ட்' என்ற முழுப் பெயரும் வண்டியில் ஏறியது. ஏறினதும் பிரிட்டனில் ஒருவர், அந்தப் பெயர் என்னுடையது என்று வந்தார். வழக்கு நடந்தது. முடிவு சென்னைக் கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால் என்று புதுத் தொழிற்சாலைகள். 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

அந்த வழக்கு மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால்? வண்டி அதேதான், சத்தமும் அதேதான். ஆனால் லண்டனில் அதை வேறு ஏதோ பெயரில் விற்க வேண்டியிருந்திருக்கும். நூறு வருஷத்துப் பேரை விட்டுவிட்டு ஒரு புதுப் பேரை ஜனங்கள் மனசில் ஏற்ற எவ்வளவு வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் சார், நமக்கென்ன?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஒரு நிமிஷம்.

உங்கள் வீட்டிலேயே இட்லிப் பொடி நன்றாகச் செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொடுத்தீர்கள். ருசி பிடித்துப்போய் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பாக்கெட் போட்டீர்கள். நாலு மளிகைக் கடை, பிறகு நாற்பது கடை. ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார். மாவு மிஷின் வாங்க பேங்கில் லோன் போட்டீர்கள். மிஷினுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தீர்கள். வேனுக்கும் எடுத்தீர்கள். பாக்கெட் மேலே இருக்கிற பேருக்கு?

ஒரு நாள் வாலாஜாபாத்தில் ஒரு கடையில் உங்கள் பாக்கெட்டைப் பார்க்கிறீர்கள். அதே மஞ்சள், அதே எழுத்து, அதே பெயர். பொடி மட்டும் உங்களுடையது இல்லை. போட்டவர் யார் என்று விசாரித்தால் உங்கள் பழைய ஏஜென்ட். கேட்கப் போனால், 'ரிஜிஸ்டர் பண்ணது நான்தாங்க. நீங்கதான் என் பேரை யூஸ் பண்றீங்க' என்கிறார். கற்பனைதான். ஆனால் டிரேட் மார்க் வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள், இதே கதையை ஊறுகாய், அப்பளம், மசாலா என்று வெவ்வேறு ருசியில் சொல்வார்கள்.

எனவே முதலிலிருந்து வருவோம். என்ன பேர் வைப்பது?

நம் ஆட்கள் பெரும்பாலும் 'சூப்பர்', 'ஸ்பெஷல்', 'ருசி', 'ஹோம் மேட்' என்று வைப்பார்கள். கூடவே ஊர் பேர். சரக்கைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறது அல்லவா? அதுதான் சிக்கல். சரக்கின் தரம், குணம், ஊர் இவற்றை மட்டும் சொல்கிற சொல் எல்லா வியாபாரிக்கும் பொது. ஒருவர் பேரில் பட்டா போட்டுக் கொடுக்க சட்டம் சுலபத்தில் சம்மதிக்காது. ஊரின் சிறப்புக்கு என்று புவிசார் குறியீடு தனியாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு மாதிரி. அது அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் சேர்ந்த சொத்து.

இதைப் பெரிய கம்பெனிகளே பட்டுத் தெரிந்துகொண்டன. ஐ.டி.சி. தன் யிப்பீ நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று ஒரு ருசி போட்டது. பிறகு நெஸ்லே மேகியில் 'மேஜிக்கல் மசாலா' வந்தது. ஐ.டி.சி. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு வருஷம் கழித்து 2020 ஜூனில் தீர்ப்பு. 'மேஜிக்' என்பது சாப்பாட்டு வியாபாரத்தில் எல்லாரும் புகழ்ச்சிக்குச் சொல்கிற வார்த்தை, 'மசாலா' பொதுச் சொல், இரண்டையும் யாரும் தனக்கு மட்டும் என்று வேலி போட முடியாது என்று சொல்லி வழக்கு தள்ளுபடி. ஐ.டி.சி.க்கே கிடைக்காத 'மேஜிக்' உங்களுக்கும் எனக்கும் கிடைக்குமா?

அப்படியானால் நல்ல பேர் எது? அகராதியில் இல்லாத சொல் உத்தமம். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் தன் கேமராவுக்கு 'கோடாக்' என்று வைத்தார். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. அடுத்து, அர்த்தம் உண்டு ஆனால் சரக்குக்குச் சம்பந்தமில்லை என்கிற வகை. டயருக்கு அப்போலோ மாதிரி. மூன்றாவது, நேராகச் சொல்லாமல் ஜாடையாகச் சொல்வது. 'கவின்கேர்' நல்ல உதாரணம். கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் வருகிற சி, கே என்ற இரண்டு பெரிய எழுத்துகள், அதன் நிறுவனரின் தகப்பனார் சின்னி கிருஷ்ணனின் முதலெழுத்துகள். தமிழ் இருக்கிறது, அப்பா இருக்கிறார், வியாபாரமும் இருக்கிறது.

பேர் வைக்கும்போது சத்தத்தையும் கவனியுங்கள். ஜப்பானில் மூன்று முதலீட்டாளர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று ஒரு கார். பிறகு செய்த சின்னக் காருக்கு, டாட்டின் மகன் என்ற அர்த்தத்தில் 'டாட்சன்'. ஜப்பானிய மொழியில் 'சன்' என்ற ஒலிக்கு நஷ்டம் என்று ஓர் அர்த்தம் வருகிறதே என்று உறைத்ததும், ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்தை மாற்றி சூரியனாக்கிவிட்டார்கள். 1980-களில் நிஸான் தூங்க வைத்த அந்தப் பேரை 2014-ல் மறுபடி எழுப்பி, ஒரகடத்தில் டாட்சன் கார் செய்தார்கள். 2022-ல் திரும்பவும் தூங்கப் போய்விட்டது. நல்ல பேர் மட்டும் காரை ஓட்டாது என்பதற்கும் இதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

பேர் முடிவாயிற்று. உடனே பாக்கெட் அச்சடிக்க ஓடாதீர்கள். முதலில் டிரேட் மார்க் பதிவேட்டின் இணையதளத்தில் அதே மாதிரிப் பேர் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இலவசம். எழுத்து ஒன்றாக இல்லாவிட்டாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் வம்புதான். சட்டம், கடையில் அவசரமாக நிற்கிற சாதாரண மனிதரின் காதையும் கண்ணையும்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

பதிவேட்டுக்கு மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, ஆமதாபாத் என்று ஐந்து ஊர்களில் அலுவலகம். ஒரகடம்காரர்களுக்குச் சென்னை. கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது. ஆனால் ஆன்லைனிலேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். உலகத்துச் சரக்கு, சேவை எல்லாவற்றையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இட்லிப் பொடி 30-வது வகுப்பு. ஊறுகாய் 29. நாளைக்கு மெஸ் ஆரம்பித்தால் 43. மோட்டார் சைக்கிள் 12, அதை ஓட்டுகிறவர் போடுகிற ஜாக்கெட் 25. 2017 விதிகளின்படி தனி நபர், ஸ்டார்ட் அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. வக்கீல் ஃபீஸ் தனி.

விண்ணப்பத்தை அதிகாரி பரிசோதிப்பார். ஆட்சேபம் இருந்தால் கேள்வி வரும். ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். பல பேர் விண்ணப்பம் போட்டதோடு மறந்துவிட்டு, அந்தக் கடிதத்தைப் பார்க்காமல் கோட்டை விடுவது இங்கேதான். திருப்தியானால் டிரேட் மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள். கல்யாணத்தில் 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா?' என்று கேட்கிற கட்டம். நாலு மாதம் அவகாசம். யாரும் வரவில்லை என்றால் பதிவு. விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு, 10 வருஷம் செல்லும். பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போனால் பேரன் காலம் வரைக்கும் ஓடும். காப்புரிமைக்கு 20 வருஷத்தோடு ஆயுசு முடிந்துவிடும். பேருக்கு மட்டும்தான் சாகாவரம்.

விண்ணப்பம் போட்டதும் பேருக்குப் பக்கத்தில் சின்னதாக 'டி.எம்.' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் பதிவான பிறகுதான். அழகுக்கு இருக்கட்டும் என்று முன்னாடியே போட்டால் அபராதம் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். விண்ணப்பத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் யார் பேர் என்று யோசித்து எழுதுங்கள். அண்ணன், தம்பி, பார்ட்னர் எல்லாரும் சேர்ந்து தொழில் செய்யும்போது ஒருவர் பேரில் மட்டும் எழுதி, பிரிவினையின்போது கோர்ட் படி ஏறின குடும்பங்கள் நம் ஊரில் குறைச்சலில்லை. அடுத்து, லேபிள் வரைந்து கொடுத்த ஆர்ட்டிஸ்ட்டிடம் 'இதன் உரிமை முழுக்க உங்களுக்கே' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துவிட்டோம், லேபிளின் உரிமை தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இனி காப்பாற்றுகிற கதை. ரிஜிஸ்ட்ரேஷன் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். இல்லை என்பதற்கு அல்வா ஒன்று தருகிறேன்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கிற சின்னக் கடை. மங்கலான வெளிச்சம். 'இருட்டுக்கடை' என்று பேர் வைத்தது முதலாளி இல்லை, ஜனங்கள். 'இருட்டுக்கடை அல்வா' என்று பேர் பரவியதும் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று இன்னொருவர் கிளம்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. வேடிக்கை என்ன என்றால் இரண்டு பக்கத்திடமும் பதிவு இருந்தது! 'நானும் ரிஜிஸ்டர்ட், அவரும் ரிஜிஸ்டர்ட், என்மேல் எப்படி வழக்குப் போடலாம்?' என்பது எதிர்த் தரப்பு வாதம். கோர்ட் ஒரே கேள்வி கேட்டது. அந்தப் பேரை யார் முதலில் உபயோகித்தது? பதிவைவிட முந்தைய உபயோகம் பெரிசு என்று சொல்லி, ஒரிஜினல் இருட்டுக்கடைக்கே பேரைக் கொடுத்தது.

'ஆக, ரிஜிஸ்டரே பண்ண வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். இருட்டுக்கடைக்குத் தலைமுறை தலைமுறையாக ஊரே சாட்சி. உங்கள் இட்லிப் பொடிக்கு? முந்தி உபயோகித்ததைக் காட்ட பில், விளம்பரம், அச்சடித்த தேதி எல்லாம் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஆளும் தோற்பார். டொயோட்டாவே தோற்றது. 1997-ல் ஜப்பானில் 'பிரியஸ்' காரை விட்டது. இந்தியாவில் ஓர் உதிரி பாகக் கம்பெனி 2001-லிருந்தே 'பிரியஸ்' என்ற பேரில் கார் அலங்காரச் சாமான்கள் விற்று, 2002-ல் பதிவும் செய்துவிட்டது. 2009-ல் டொயோட்டா வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: உலகம் முழுக்கப் புகழ் இருக்கலாம், அந்தத் தேதியில் இந்தியாவில் இந்தப் பேருக்குப் புகழ் இருந்ததா, காட்டு. டொயோட்டாவால் காட்ட முடியவில்லை.

இந்தப் பாடத்தைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கும் பொருந்தும். டிரேட் மார்க் உரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். உங்கள் பொடி சிங்கப்பூர், துபாய் போனால் அங்கே தனியாகப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் அங்கே இறக்குமதி செய்கிறவர் தன் பேரில் போட்டுக்கொள்வார். 2013 ஜூலையிலிருந்து இந்தியா ஒரு சர்வதேச ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். அதன் பேர் மாட்ரிட் உடன்படிக்கை. மெட்ராஸ் இல்லை, மாட்ரிட்.

பேரைச் சும்மா வாங்கிப் போட்டு வைக்கவும் முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேல் உபயோகிக்காமல் கிடந்தால், யாராவது போய்க் கேட்டு பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். காலி மனை மாதிரிதான். போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் நம்முடையது. ஜர்னலில் உங்கள் பேர் மாதிரி ஏதாவது வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். போலி வந்தால் மாதக்கணக்கில் யோசிக்காமல் சீக்கிரம் நோட்டீஸ் விடுங்கள். 'இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தீர்கள்?' என்று கோர்ட் கேட்கும். அதற்காக, மஞ்சள் பாக்கெட் போட்டவர்மேல் எல்லாம் பாயவும் வேண்டாம். மஞ்சளும் மசாலாவும் பொதுச் சொத்து.

கடைசியாக ஒரு விபரீதம். பேர் ரொம்பப் பிரபலமானாலும் ஆபத்து! எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓடிஸ் கம்பெனியின் டிரேட் மார்க். எல்லாரும் நகரும் படிக்கட்டு எதையும் எஸ்கலேட்டர் என்றே சொல்லிச் சொல்லி, 1950-ல் அமெரிக்காவில் அந்த உரிமை பறிபோனது. நம் தெருவுக்குத் தெரு 'ஜெராக்ஸ்' கடை இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மிஷின் வேறு கம்பெனி. தமிழில் 'பேர் போன' என்பதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்பது எவ்வளவு தீர்க்கதரிசனம் பாருங்கள்.

ஒரகடம் சுற்று வட்டாரத்தில் இன்று நட்டு, போல்ட், விளக்கு, ஸீட், வயர் என்று செய்கிற சின்ன யூனிட்கள் எத்தனையோ. ராத்திரி பகலாக ஓடுகின்றன. வெளியே வருகிற வண்டியில் அவர்கள் பேர் எங்கேயும் இருக்காது. அதில் தப்பில்லை, அது ஒரு கௌரவமான தொழில். ஆனால் அங்கே வேலை கற்றுக்கொண்ட யாரோ ஒருவர், ஒரு நாள் ஷெட்டுக்கு வெளியே வந்து தன் கையால் ஒன்றைச் செய்து, அதற்குத் தானே ஒரு பேர் வைப்பார். ஊசி செய்த ஊரில் ஜாப் ஒர்க் செய்த சைக்கிள்காரர் அப்படி வைத்த பேர்தான் இன்று அதே சாலையில் போர்டாக நிற்கிறது.

அவர் உங்கள் தம்பியாகவோ அத்தை மகளாகவோ இருந்தால், பூஜை போடுகிற அன்றைக்கு வாழ்த்துச் சொல்வதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்.

'பேர் நல்லா இருக்கு. யார் பேர்ல இருக்கு?'